கரி போட்டா இப்பவே ஓடுமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை பேப்பர்ல அஞ்சாம் பக்கத்துல, நம்ம ஊர்ல ஒரு வாசல்ல நிக்க பழைய கரி எஞ்சினப் பத்தி செய்தி போட்டுருந்தீங்க. எந்த வாசல்னு நான் எழுதல, உங்களுக்கே தெரியும். அதுல ஒரு வரி, "பத்தே நாளில் முழுமையாகச் சீரமைக்கப்பட்ட இந்த எஞ்சின், கரி போட்டுத் தீ மூட்டினால் இப்போதே ஓடத் தயார்". யாரோ ஒரு அதிகாரி சொன்னாராம், நீங்களும் அப்படியே அச்சடிச்சிட்டீங்க.

நான் கரி எஞ்சின் ஷெட்டுல பாய்லர் பிட்டரா இருந்தவன், பெறவு டீசல் எஞ்சின் வந்ததும் டீசல் ஷெட்டுக்குத் தூக்கிப் போட்டாங்க, அங்கன இருந்துதான் ரிட்டயர் ஆனேன். அதனால கேக்கேன், கோவிச்சுக்கிடாதீங்க. அத எழுதுன தம்பி எஞ்சினுக்குள்ள எட்டிப் பாத்தாரா? சரி உள்ள வேண்டாம், வெளிய நின்னு சக்கரத்தயாவது எண்ணுனாரா? போட்டோவுக்குக் கீழ ஒய்.பி. எஞ்சின்னு போட்டுருக்கு. ஒய்.பி. பாசஞ்சர் எஞ்சின், அதுக்கு பெரிய சக்கரம் மூணு ஜோடிதான். நாலு ஜோடி இருந்தா அது ஒய்.ஜி., கூட்ஸ் எஞ்சின். உங்க போட்டோவுல நாலு ஜோடி தெரியுது, அதுவும் முன்னாடி வரிசையா நின்னு போஸ் குடுத்தவங்க காலுக்கு நடுவுல தேடித்தான் எண்ண வேண்டியிருந்துச்சு. எஞ்சின் போட்டோன்னு சொன்னீங்க, எனக்கு சால்வை போட்டவங்க போட்டோவாத்தான் தெரிஞ்சுது.

சரி, ஓடத் தயார்ங்கற விசயத்துக்கு வாரேன். ஒய்.ஜி. பாய்லர் தாங்குத பிரஷர் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. வருசக்கணக்கா மழையிலயும் வெயில்லயும் நின்ன பாய்லர்ல கரியப் போட்டு அந்த பிரஷர ஏத்துனா என்ன ஆகும்னு அந்த அதிகாரி பக்கத்துல நின்னு பாப்பாரா? எங்க காலத்துல ஓடிக்கிட்டுருக்க எஞ்சினுக்கே குறிச்ச நாள்ல வாஷ்அவுட்டு உண்டு, தீய அணைச்சு ஆற வச்சு, பிளக்கெல்லாம் கழட்டி, பைப்பு போட்டுத் தண்ணிய அடிச்சா செதில் செதிலா உப்புப் பொருக்கு வந்து விழும். பெரிய ஓவராலுக்கு ஒர்க்‌ஷாப்புக்குப் போனா பாய்லர பிரேமுல இருந்து தூக்கி எறக்கி, உள்ள சூட்டுப் புகை போகுத டியூப் பூராத்தையும் உருவி எடுத்துட்டு, அது மாட்டியிருக்க டியூப் பிளேட்ட சுரண்டிப் பாத்து, பெறவு புது டியூப் மாட்டி எக்ஸ்பாண்டர் போட்டு இறுக்கணும். பயர் பாக்ஸுக்குள்ள கரி போடுத வாசல் வழியா தலைய நுழைச்சு உடம்ப ஒடுக்கி நாங்கதான் எறங்குவோம். பயர் பாக்ஸ் தகட்ட வெளித் தகட்டோட சேத்துப் பிடிக்க கம்பிக்குப் பேரு ஸ்டே, அது ஒவ்வொண்ணையும் சுத்தியலால தட்டணும், நல்ல ஸ்டே கணீர்னு கேக்கும், ஒடஞ்சது செத்த சத்தம் குடுக்கும். அந்த காதுப் பழக்கம் வர்றதுக்கே எனக்கு வருசம் ஆச்சு, இன்னைக்கு அந்தக் காதும் மந்தமாயிட்டு. பயர் பாக்ஸுக்கு மேல்தகடா இருக்க கிரவுன் ஷீட்டுல லெட் பிளக்குன்னு ஒண்ணு இருக்கு, தண்ணி கொறஞ்சு ஷீட்டு வெறுமனே தீயில நின்னா அந்த ஈயம் உருகி ஸ்டீம் எறங்கி டிரைவருக்குத் தெரிய வைக்கும். அத மாத்துனாங்களான்னு உங்க தம்பி கேட்டாரா?

எல்லாம் முடிஞ்ச பெறவும் உடனே தீ போட மாட்டோம். முதல்ல பச்சத் தண்ணிய ரொப்பி, பம்பு போட்டு, ஓடுத பிரஷருக்கும் மேல ஏத்தி நிறுத்திப் பாப்போம். ஏன் தண்ணின்னா, எங்கயாச்சும் விட்டுப்போச்சுன்னா ஒழுகத்தான் செய்யும், ஸ்டீமா இருந்தா ஆளத் தூக்கிட்டுப் போயிரும். அதுல பாஸ் ஆனாத்தான் தீ. இதெல்லாம் பத்து நாள்ல முடிஞ்சிருந்தா நாங்கள்லாம் என்னத்துக்கு மாசக்கணக்குல கெடந்து செத்தோம்?

அங்க நடந்தது எனக்குத் தெரியும், நானும் போய்ப் பாத்தேன். துருவச் சுரண்டாம அது மேலயே கருப்பு பெயிண்டு, பபருக்கு சிவப்பு, சக்கரங்களச் சேக்குத சைடு ராடுக்கு வெள்ளி பெயிண்டு. எண்ணெய் போகுத ஓட்டை மேல கூட பெயிண்டு. பல்லு போன கிழவனுக்கு மீசையில மை தடவி மணவறையில உக்கார வச்ச கதைதான்.

பெயிண்டு அடிச்சது தப்புன்னு நான் சொல்லல. அழகா நிக்கட்டும், பிள்ளைங்க பாக்கட்டும். ஓடும்னு ஏன் சொல்லணும்? ஓட வைக்க முடியாததும் இல்ல. 1855ல இங்கிலாந்துல செஞ்ச இ.ஐ.ஆர். 21ங்கற ஈஸ்ட் இந்தியன் ரயில்வே எஞ்சின, நூறு வருசத்துக்கு மேல சும்மா காட்சிக்கு நின்னத, பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்ல 2010ல ஓட வச்சுக் காட்டுனாங்க, பெறவு எழும்பூர்ல இருந்து கோடம்பாக்கம் வரைக்கும்கூட ஓடுச்சு. பொன்மலையில ஊட்டி மலை ரயிலுக்கு புது ஸ்டீம் எஞ்சினே செஞ்சு குடுத்தாங்க. அப்ப கை இருக்கு, ஆளும் இருக்கு. அவங்க உழைப்பையும் இந்த பத்து நாள் டப்பாவையும் ஒரே தராசுல வைக்கீங்களே, அதான் வயிறு எரியுது.

உங்க பேப்பருக்கு இது புதுசும் இல்ல. 2010ல செங்கோட்டை புனலூர் மீட்டர்கேஜ நிறுத்துனப்ப ரெண்டு பக்கம் எழுதி அனுப்புனேன், நாலு வரி போட்டீங்க, அதுவும் நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழ. 2018ல அகலப்பாதை வந்ததும் "முதன்முதலாக மலையேறும் ரயில்"னு தலைப்பு. அப்ப 1904ல இருந்து ஆரியங்காவு குகைக்குள்ள புகுந்து பதிமூணு கண் பாலத்து மேல போனதெல்லாம் என்ன, மாட்டு வண்டியா? முன்னாடி ஒரு எஞ்சின் இழுக்க பின்னாடி ஒண்ணு தள்ள அந்த ஏத்தத்துல ஏறுன பயர்மேன்மாரு இன்னும் தென்காசியிலயும் அம்பாசமுத்திரத்துலயும் ஒண்ணு ரெண்டு பேரு இருக்காவ, அவியள ஒரு நாளாவது போய்ப் பாத்து எழுதியிருக்கீங்களா? அவிய போனபெறவு "ஒரு சகாப்தம் மறைந்தது"ன்னு எழுதுவீங்க.

இன்னொண்ணு. அந்த எஞ்சின் இங்க வந்தப்ப பித்தளை விசில் இருந்துச்சு, பிரஷர் கேஜ் இருந்துச்சு, நம்பர் பிளேட்டு இருந்துச்சு. இப்ப ஒண்ணும் இல்ல, கேஜ் இருந்த எடத்துல வெறும் ஓட்டை. பித்தளை என்ன விலைன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அதப் பத்தி நான் எழுதுனதயும் நீங்க போடல.

சரி விடுங்க. இப்ப நான் கேக்கது ரொம்பச் சின்ன விசயம். அந்த எஞ்சின் சிம்னிக்கு ஒரு மூடி போடச் சொல்லி எழுதுங்க. இப்ப மழை நேரா உள்ள எறங்குது, சிம்னிக்குக் கீழ புகை சேருத ஸ்மோக் பாக்ஸுக்கு அடியில பழைய கரிச் சாம்பல் கெடக்கு, அதுல தண்ணி பட்டா ஆசிட் மாதிரி தகட்டத் தின்னும். ஐப்பசி மழைக்கு முன்னால மூடி போட்டு, அந்தச் சாம்பலயும் அள்ளி, அடியில தண்ணி வடிய ஒரு வழி விட்டாப் போதும், இன்னும் பல வருசம் நிக்கும். தகடு வெட்டி வளைக்க ஆள் இல்லைன்னா நானே செஞ்சு தாரேன், கூலி வேண்டாம், ஏணி மட்டும் பிடிக்க ஒரு ஆள் வேணும். சால்வை வேண்டவே வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பழைய பாய்லர் பிட்டர்,
பேட்டை, திருநெல்வேலி.

பி.கு.: வழக்கம் போல வெட்டுவீங்கன்னு தெரியும். உங்கள வஞ்சதெல்லாம் வெட்டிருங்க, மூடி விசயத்த மட்டும் விட்டுருங்க.