பாப்பாவுக்கு, முட்டிவலி பற்றி

அன்புள்ள பாப்பா,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் குடியேற வந்தவர்களைச் சோதித்து உள்ளே விட்ட நியூயார்க் எல்லிஸ் தீவில் "ஏம்ப்பா உம்முன்னு இருக்கீங்க?" என்று கேட்டாய். முட்டிவலி என்றேன். அது பாதி நிஜம்தான்.

மூட்டை முடிச்சோடு படியேறி வருகிறவர்களை அந்தக் காலத்தில் டாக்டர்கள் மேலே நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். மூச்சு வாங்கினால், நொண்டினால், சட்டையில் சாக்பீஸால் ஓர் எழுத்து. இதயத்தில் சந்தேகம் என்றால் 'எச்', காலில் கோளாறு என்றால் 'எல்'. பொத்தான் மாட்டும் கொக்கியால் கண்ணிமையைப் புரட்டி டிரக்கோமா என்கிற தொற்றுக் கண்நோய் இருக்கிறதா என்றும் பார்த்திருக்கிறார்கள். எல்லாம் கப்பலின் அடித்தட்டில் வந்தவர்களுக்குத்தான். முதல் வகுப்புக்காரர்களைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிடுவார்கள். நாம் ஏறிய படிகள் பிற்பாடு கட்டியவை, சரி. ஆனாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, என் சட்டையிலும் 'எல்' விழுந்துவிட்ட மாதிரி இருந்தது.

1907இல் மட்டும் அந்த வழியாகப் பத்து லட்சம் பேர். திருப்பி அனுப்பியது நூற்றுக்கு இரண்டு பேரைத்தான் என்றாய். கணக்கு சரிதான். அந்த இரண்டில் ஒருவர், பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுத் தனியாகக் கப்பலேறிய தகப்பனாக இருந்தால்? என் மனசு அங்கேயே நின்றுவிட்டது.

உள்ளே போனவர்களும் சொகுசாக இருக்கவில்லை. நியூயார்க் ஆர்ச்சர்ட் தெருவில் பார்த்தோமே, அவர்கள் குடியிருந்த 97ஆம் எண் கட்டடம், 1863இல் கட்டியது. ஒரு குடும்பத்துக்கு மூன்று அறை, மொத்தம் 325 சதுர அடி. நம் பேச்சில் ஒண்டுக்குடித்தனம். வெளிக்காற்று வருவது ஒரே அறைக்கு. மற்றவற்றுக்கு வெளிச்சம் போக உள்சுவரில் ஜன்னல் வெட்டியிருந்தார்கள். வீட்டுக்குள் ஜன்னல் வைத்து வீட்டையே பார்ப்பது! பகலில் அங்கேயே தையல் மெஷின், இஸ்திரி. ராத்திரி அங்கேயே படுக்கை. கக்கூஸ் கொல்லையில்.

மாப்பிள்ளை சிகாகோ கதை சொன்னார். 1840இல் நாலாயிரத்துச் சொச்சம் பேர் இருந்த ஊர், ரயில் வந்து, இறைச்சித் தொழில் பெருத்து, ஐம்பதே வருஷத்தில் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டதாம். அவருக்கு ஊர் வளர்ந்த கதை பிடிக்கிறது. எனக்கென்னவோ அந்தப் படிக்கட்டுதான்.

"கிரீன் கார்டு போடறோம், வந்திடுங்கப்பா" என்றாயே. அதற்கும் மெடிக்கல் உண்டாமே. அம்மா இப்போதே தயார். நான் முதலில் முட்டியை இங்கே ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா