செயலாளர் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அறிக்கையின் நகல் அவர்களுக்கும் போய்ச் சேரும்.

ஜனவரியில் பொங்கல் விழா நடந்தது. சர்க்கரைப் பொங்கல் மிஞ்சியது, வடை போதவில்லை. ஏப்ரலில் சித்திரைத் திருநாள், தமிழ் வகுப்புப் பிள்ளைகள் குறள் ஒப்பித்தார்கள். ஜூனில் வாஷிங்டன் நகரின் ராக் கிரீக் பூங்காவில் உல்லாசப் பயணம், மழை. அக்டோபர் மாதக் கூட்டம் நடைபெறவில்லை. அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அமெரிக்க மத்திய அரசு அலுவலகங்கள் முடங்கிக் கிடந்தன. நம் உறுப்பினர்களில் பலருக்குச் சம்பளமே வராத நேரத்தில் கூட்டத்துக்குக் கூப்பிட மனம் வரவில்லை. தீபாவளியை எளிமையாக முடித்துக்கொண்டோம்.

இனி செப்டம்பர் 20 பட்டிமன்றத்துக்கு வருகிறேன். அறிக்கையில் அதற்கு ஏன் இவ்வளவு இடம் என்று பொருளாளர் வரைவைப் பார்த்ததுமே கேட்டுவிட்டார். அதைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு, அறிக்கையில் மட்டும் ஒரு வரியா?

தலைப்பு: ‘கொலம்பியா மாவட்டம் தனி மாநிலம் ஆகலாமா? ஆனால், பெயர் என்ன?’ கொலம்பியா மாவட்டம் என்பது வாஷிங்டன் நகரம்தான், ஆங்கிலத்தில் சுருக்கமாக டி.சி., எந்த மாநிலத்திலும் சேராதது. நமக்கு எதற்கு இந்த அரசியல் என்று செயற்குழுவில் மூன்று பேர் கேட்டார்கள். மூவரும் பக்கத்து மாநிலமான வர்ஜீனியாக்காரர்கள். அவர்களுக்கு நாடாளுமன்ற மேலவையில் இரண்டு செனட்டர்கள் இருக்கிறார்கள். நம் சங்கத்தின் பெயரில் வாஷிங்டன் இருக்கிறதே தவிர, 64 குடும்பங்களில் நகர எல்லைக்குள் குடியிருப்பவை ஐந்து. அதில் ஒன்று என்னுடையது.

என் காரின் நம்பர் பிளேட்டைப் பலர் பார்த்திருப்பீர்கள். ‘பிரதிநிதி இல்லாமல் வரி விதிப்பதை நிறுத்து’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். இது என்ன கட்சி ஸ்டிக்கரா என்று ஆஷ்பர்ன் நண்பர் ஒருவர் கேட்டார். கட்சியும் இல்லை, ஸ்டிக்கரும் இல்லை. நகர நிர்வாகமே 2000ஆம் ஆண்டிலிருந்து பொறித்துக் கொடுப்பது. ‘நிறுத்து’ என்ற சொல் மட்டும் பிறகு சேர்ந்தது. பத்தொன்பது வருடமாக இங்கே வீட்டு வரி, வருமான வரி எல்லாம் கட்டுகிறேன். எனக்கு செனட்டர் கிடையாது. பிரதிநிதிகள் சபையில் ஒரே ஒருவர், எலினோர் ஹோம்ஸ் நார்ட்டன் அம்மையார், 1991 முதல் இருக்கிறார். பேசலாம், குழுக்களில் உட்காரலாம். மசோதாவை நிறைவேற்றும் கடைசி வாக்கெடுப்பில் அவருக்குப் பொத்தான் இல்லை. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கே 1961 அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகுதான் வந்தது. மேயரும் நகர சபையும் 1973 சட்டத்தால் வந்தவை. அந்தச் சபை போடும் சட்டமும் காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றத்தின் வாசலில் காத்துக்கிடந்துதான் உள்ளே போக வேண்டும்.

பழைய கதை என்று தள்ள முடியாதபடி இந்த ஆண்டே இரண்டு நடந்தன. மார்ச்சில் காங்கிரஸ் நிறைவேற்றிய செலவுச் சட்டத்தால், நகரம் தன் சொந்த வரிப்பணத்திலேயே சுமார் 100 கோடி டாலரைத் தொட முடியாத நிலை வந்தது. ஆகஸ்ட் 11 அன்று நகரக் காவல்துறையைக் குடியரசுத் தலைவர் 30 நாளைக்குத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். தேசியக் காவல்படையும் தெருவில் இறங்கியது. மாநிலமாக இருந்தால் அந்தப் படைக்கு உத்தரவிடுபவர் ஆளுநர். இங்கே மேயருக்கு அந்த அதிகாரம் இல்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு ‘குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா’ என்று இன்னொரு முறை பட்டிமன்றம் போடச் சொன்னார்கள்.

நடுவராக வருவதாகச் சொன்னவருக்கு அன்று காலை தொண்டை கட்டிவிட்டது. வேறு வழியின்றி நானே நடுவரானேன். நானே விரும்பி உட்கார்ந்தேன் என்ற பேச்சு தவறு.

பேச்சு தரமாக இருந்தது. மாநிலம் வேண்டாம் என்று பேசிய ராக்வில் அன்பர் 1783இல் தொடங்கினார். சம்பளம் கேட்டு பிலடெல்பியாவில் படைவீரர்கள் காங்கிரசை வளைத்துக்கொண்டார்கள். பென்சில்வேனியா அரசு காப்பாற்ற வரவில்லை. மத்திய அரசு எந்த மாநிலத்தின் தயவிலும் இருக்கக் கூடாது என்றுதான் பத்து மைலுக்குப் பத்து மைல் தனி இடம் என்று அரசியல் சட்டத்தில் எழுதினார்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். நாடாளுமன்றம், வெள்ளை மாளிகை, நடுவிலுள்ள மைதானம் ஆகியவற்றை மட்டும் மத்திய அரசுக்கு விட்டு மற்றதை மாநிலமாக்குவது திட்டம். 1961 திருத்தத்தை நீக்காவிட்டால் அந்தத் துண்டு நிலத்துக்கும் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க மூன்று தேர்வாளர்கள் இருப்பார்கள். அங்கே குடியிருப்பது ஏறக்குறைய ஒரே ஒரு குடும்பம்! அரங்கம் குலுங்கியது. நானும் சிரித்துவிட்டேன், நடுவர் சிரித்திருக்கக் கூடாது.

சில்வர் ஸ்பிரிங் அம்மையார் மேரிலாண்டோடு சேர்த்துவிடச் சொன்னார். 1846இல் எடுத்த முடிவுப்படி பொட்டோமாக் ஆற்றுக்கு அக்கரை நிலம் வர்ஜீனியாவுக்கே திரும்பிவிட்டதே, இக்கரையும் போகட்டுமே என்பது வாதம். (ஆர்லிங்டன் உறுப்பினர்கள் அப்போது கைதட்டினார்கள். அந்த ஏற்பாடு நடந்திராவிட்டால் என் பிளேட்தான் அவர்கள் காரிலும்.) மேரிலாண்டைக் கேட்டீர்களா என்று எதிரணி கேட்டது. பதில் இல்லை.

வேண்டும் என்ற அணி எண்களோடு வந்தது. 2020 கணக்கெடுப்பில் இங்கே 6,89,545 பேர். வயோமிங்கில் 5,76,851 பேர், அங்கே இரண்டு செனட்டர்கள். 2016 வாக்கெடுப்பில் நூற்றுக்கு 86 பேர் மாநிலம் வேண்டும் என்றார்கள். பிரதிநிதிகள் சபையில் 1993இல் 277க்கு 153 என்று தோற்ற மசோதா 2020இல் 232க்கு 180, 2021இல் 216க்கு 208 என்று ஜெயித்தது. செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. டெல்லியில் முப்பது வருடம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எழுந்து, டெல்லியிலும் போலீஸ் மத்திய அரசிடம்தான், ஆனாலும் ஏழு எம்.பி.க்களுக்கும் முழு வாக்கு உண்டு என்றார். நம் கல்லூரிப் பிள்ளை ஒன்று மெக்சிகோவைச் சொன்னது. 2016இல் ‘கூட்டாட்சி மாவட்டம்’ என்ற பெயரையே எடுத்துவிட்டு மெக்சிகோ நகரம் என்றாக்கி, தனி அரசியல் சட்டமும் எழுதிக்கொண்டார்களாம்.

பெயரில்தான் சூடு பிடித்தது. 1982இல் எழுதிய மாநில அரசியல் சட்டத்தில் ‘நியூ கொலம்பியா’. 2016இல் நகர சபை அதை மாற்றி ‘வாஷிங்டன், டக்ளஸ் காமன்வெல்த்’ என்றது, அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸின் பெயரில். டி.சி. என்ற எழுத்துகள் அப்படியே நிற்கும், கொலம்பஸ் மட்டும் இறங்கிக்கொள்வார். டி.சி. என்றாலே பள்ளிக்கூடத்தில் கொடுத்து அனுப்புகிற காகிதம்தான் ஞாபகம் வருகிறது, அதையும் மாற்றினால் என்ன என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். மேற்கே ஏற்கெனவே வாஷிங்டன் மாநிலம் இருக்கிறதே, குழப்பம் வராதா என்றார் இன்னொருவர். வேடிக்கை என்னவென்றால், 1853இல் அந்தப் பகுதிக்குக் கொலம்பியா என்றுதான் பெயர் வைக்க இருந்தார்கள். கொலம்பியா மாவட்டத்தோடு குழம்பும் என்று சொல்லி வாஷிங்டன் ஆக்கினார்கள்! பெயரில் என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டபோது மட்டும் நான் குறுக்கிட்டேன். சங்கரலிங்கனார் 76 நாள் பட்டினி கிடந்து 1956இல் உயிரை விட்டார், தமிழ்நாடு என்ற பெயர் 1969 பொங்கலன்றுதான் வந்தது, நாம் அப்படிக் கேட்கலாமா என்றேன். இதுவும் நடுவர் செய்யக்கூடாததுதானாம்.

டக்ளஸ் யார் என்று தெரிந்து வாக்களிக்கட்டும் என்றுதான் மே மாதமே நகரின் அனகோஸ்டியா பகுதியில் குன்றின் மேலுள்ள அவர் வீட்டுக்கு ஒரு பயணம் ஏற்பாடு செய்திருந்தேன். பெயர் கொடுத்தவர்கள் 14, வந்தவர்கள் 4, என் மனைவியையும் சேர்த்து. மேரிலாண்டில் அடிமையாகப் பிறந்து, 1838இல் தப்பி ஓடிய மனிதர், கடைசிப் பதினேழு ஆண்டும் அந்தக் குன்றின் மேல் வாழ்ந்தார். படியேறி மூச்சு வாங்கத் திரும்பினால் ஊருக்கு மேலே நாடாளுமன்றக் குவிமாடம் வெள்ளையாகத் தெரிகிறது. வராத பத்துப் பேருக்கும் சேர்த்து வாங்கிப் போன புளியோதரைப் பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது அந்த வாக்கெடுப்பு. காபித்தூள் டப்பாவில் 31 சீட்டுகள் விழுந்தன. நியூ கொலம்பியா 15, டக்ளஸ் 13, பொட்டோமாக் 2, மயிலாப்பூர் 1. விதி 4 தெளிவாக இருக்கிறது: சந்தா செலுத்தியவருக்கே வாக்கு. ஆகவே சீட்டுகளின் பின்பக்கம் பென்சிலால் உறுப்பினர் எண்ணை முன்கூட்டியே குறித்திருந்தேன். நிலுவைக்காரர்களைக் கழித்ததும் டக்ளஸ் 9, நியூ கொலம்பியா 5, மயிலாப்பூர் 1. (மயிலாப்பூர்க்காரர் சந்தாவை ஜனவரியிலேயே கட்டிவிட்டார்.) டக்ளஸ் வென்றதாக அறிவித்தேன். நானும் டக்ளஸ் பக்கம் என்பது தற்செயல்.

ரகசிய வாக்கெடுப்பில் எண் குறிக்கலாமா என்ற கேள்விக்கு, குறித்திருக்கக் கூடாது என்று இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஃபேர்ஃபாக்ஸ் நண்பர் எழுந்து, “உங்க ஊருக்குக் காங்கிரஸ் பண்றதைத்தானே சார் நீங்க எங்களுக்குப் பண்றீங்க?” என்று கேட்டதை ஏற்க மாட்டேன். நாங்கள் வரி கட்டிவிட்டு வாக்குக் கேட்கிறோம். அவருக்கு மூன்று வருட நிலுவை. அன்று வெளிநடப்புச் செய்த பதினொரு பேரும் சமோசா சாப்பிட்ட பிறகுதான் வெளியே போனார்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

வரவு செலவு ஏறக்குறைய சரியாக இருக்கிறது. சிறு பற்றாக்குறை உண்டு, அதை ஒருவர் தற்காலிகமாகத் தன் கையிலிருந்து போட்டிருக்கிறார். யார் என்று சொல்ல வேண்டியதில்லை. விவரம் பொருளாளரிடம் கேட்டால் கிடைக்கும். சம்பளம் நின்றவர்களிடமும் வேலை இழந்தவர்களிடமும் இந்த ஆண்டு சந்தா கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். மற்ற 22 குடும்பங்களின் நிலுவைப் பட்டியல் என்னிடம் இருக்கிறது, இங்கே படிக்கவில்லை.

அறை கொடுத்த நூலகத்தாருக்கும், ஒலிபெருக்கி கொடுத்த அன்பருக்கும், நாற்காலி அடுக்கிய இளைஞர்களுக்கும், எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும் நன்றி.

2026இல் செயலாளர் பொறுப்புக்கு யாராவது முன்வந்தால் பதிவேடு, ஒலிபெருக்கி வயர், காபித்தூள் டப்பா மூன்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். இரண்டு பேரிடம் தனியாகக் கேட்டேன். வேலை அதிகம் என்றார்கள். யாரும் வராவிட்டால் பெயர் வாக்கெடுப்பை மார்ச்சில் திரும்ப நடத்துவேன், இம்முறை சீட்டில் எண் இருக்காது. அன்று வாசலில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். குடும்பச் சந்தா 25 டாலர், காசோலையும் வாங்கிக்கொள்ளப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்