அது செருப்பில்லை, பாறை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் சினிமாப் பக்கத்தில் 'டேர் ஷூ டெஸ் மனிட்டு', அதாவது 'மனிட்டுவின் சப்பாத்து', என்ற ஜேர்மன் நகைச்சுவைப் படத்தைப் பற்றி வந்ததை வாசித்தேன். மனிட்டு என்பது செவ்விந்தியக் கதைகளில் வரும் கடவுள். "மனிட்டுவின் செருப்பைத் தேடி இரண்டு முட்டாள்கள் அலையும் அசட்டுப் படம், ஜெர்மானியருக்குச் சிரிப்பு வராது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்" என்று முடித்திருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். ஒரே வசனத்தில் ஒரு படத்தையும் ஒரு நாட்டுச் சனத்தையும் சேர்த்துப் புதைத்துவிட்டார். சுருக்கமாக எழுதும் திறமைக்கு என் வாழ்த்துகள்.

படம் அசட்டுப் படந்தான். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் மனிட்டுவின் சப்பாத்து என்பது படத்தில் ஒரு பாறை. சப்பாத்து வடிவில் நிற்கிற பாறை. புதையல் இருப்பது அங்கேதான். கடைசிவரை பார்த்தவர் எவருக்கும் இது தப்பியிருக்காது. கட்டுரையாளர் எந்த இடத்தில் எழும்பிப் போனார் என்று ஊகிப்பது மரியாதையல்ல, விட்டுவிடுகிறேன்.

2001இல் படம் வந்தபோது நான் இங்கே ஜேர்மனியில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை. சட்டி கழுவுவதிலிருந்து சலாட் வெட்டுவதற்கு உயர்ந்திருந்த காலம். பெரிய சமையற்காரர் ஜேர்மனியின் தெற்கே உள்ள பவேரியாக்காரர். கடை பூட்டுகிற திங்கட்கிழமை ஒன்றில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மண்டபம் முட்டச் சனம். படத்தில் வரும் அப்பாச்சி என்ற செவ்விந்தியக் குலத்தின் தலைவன் வாயைத் திறக்க, எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் கதைத்தது பவேரியப் பேச்சு, பகிடியே அதில்தான் என்று திரும்பி வரும்போது அவர் சொல்லித்தான் தெரிந்தது. சோழ அரசன் சிம்மாசனத்தில் இருந்துகொண்டு பருத்தித்துறைச் சந்தையில் மீன் விலை பேசுகிற மாதிரிக் கதைத்தால் எப்படியிருக்கும்? அதை ஆங்கில உபதலைப்பில் வாசித்துப் பார்த்துவிட்டு 'தமிழருக்குப் பகிடி தெரியாது' என்று ஒரு ஜேர்மன்காரன் எழுதினால் பேசாமல் இருப்பீர்களா?

ஜேர்மன் எழுத்தாளர் கார்ல் மை எழுதிய, வினெட்டூ என்ற அப்பாச்சித் தலைவனின் கதைகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. மனிதர் அமெரிக்க மண்ணை மிதித்ததே 1908இல்தான். பேர் வாங்கிய கதைகளையெல்லாம் அதற்கு முன்பே எழுதிவிட்டார். 1960களில் அவற்றைப் படமாக்கியது யூகோஸ்லாவிய மலைகளில். அப்பாச்சித் தலைவனாக நடித்தவர் பியேர் பிரீஸ் என்ற பிரெஞ்சுக்காரர். அகதி விடுதியில் ஓர் அறைக்குள் எட்டுப் பேர் இருந்து, கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் அவர் குதிரையில் போவதைப் பார்த்திருக்கிறோம். உண்மையான செவ்விந்தியர் என்றே நம்பினோம். முகத்தில் ஒரு சிரிப்பு இராது. அந்த இறுக்கமான முகத்தைத்தான் மிஷாயல் 'புல்லி' ஹேர்பிக் கிண்டலடித்தார். படத்தை இயக்கியதும் அவர், தலைவனும் அவர், தலைவனின் இரட்டைச் சகோதரனும் அவரே. கம்பத்தில் கட்டி வைத்திருக்கும்போதும் தலைவனும் அவன் சகோதரனாக ஏற்றுக்கொண்ட வெள்ளைக்காரனும் நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவர்கள் மாதிரிச் சண்டை பிடிக்கிறார்கள். செவ்விந்தியக் கதைகளில் சமாதானத்துக்குக் கோடரியைப் புதைப்பார்கள், போர் தொடங்க அதைத் தோண்டி எடுக்க வேண்டும். கோடரிக்குப் பதிலாக ஒரு மடக்குக் கதிரையைத் தோண்டி எடுக்கிறார்கள். இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. ஜேர்மனியில் மட்டும் ஒரு கோடியே பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் காசு கொடுத்துப் பார்த்த படம் இது. அத்தனை பேரும் சிரிக்கத் தெரியாமல்தான் போயிருப்பார்கள்.

குறை இல்லாமல் இல்லை. ரோசா நிறப் பண்ணை வைத்திருக்கும் அந்த இரட்டைச் சகோதரன் வரும்போது, இங்கே பிறந்த என் மகள் சிரிப்பதில்லை. "நடையையும் பேச்சையும் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கு, அப்பா?" என்று கேட்டாள். என்னிடம் பதிலில்லை. திட்ட வேண்டுமென்றால் அங்கே திட்டியிருக்கலாம். உங்களவர் செருப்பிலேயே நின்றுவிட்டார்.

இதே கட்டுரையாளருக்கு வடிவேலு அடி வாங்கினால் 'மண்ணின் நகைச்சுவை', பவேரியாக்காரன் அடி வாங்கினால் 'அசட்டுத்தனம்'. ஐரோப்பிய சினிமா என்றால் மழையில் ஒருவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பதினைந்து நிமிடம் இருக்கும் படம் மட்டுந்தான் உங்கள் பக்கத்துக்கு ஆகும் என்பதைச் சந்தா கட்டத் தொடங்கிய நாளிலிருந்து அறிவேன்.

இன்னொன்று. முந்தி நான் எழுதிய கடிதத்தில் 'சப்பாத்து' என்றதை 'ஷூ' என்று திருத்தினீர்கள். 'கதிரை' 'நாற்காலி' ஆனது. 'ஜேர்மனி' 'ஜெர்மனி' ஆனது. அச்சில் வாசித்த என் மனைவி, "இது நீங்கள் எழுதினதோ?" என்று கேட்டார். அன்று ஷூவான சப்பாத்து இன்று செருப்பாகிவிட்டது. அடுத்த முறை வெறுங்காலோ தெரியாது. 2025இல் 'மனிட்டுவின் தோணி' என்று அடுத்த படமும் வந்திருக்கிறது. அதைப் பற்றியும் இவரையே எழுத விடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில், செருப்பு என்று வந்தது சப்பாத்து என்றிருக்க வேண்டும், அது ஒரு பாறை என்று ஒரு வரி போடுங்கள். இந்தக் கடிதத்தை வெளியிட்டால் கதிரையைக் கதிரையாகவே விடுங்கள்.

இங்ஙனம்,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
டோர்ட்முண்ட், ஜேர்மனி.