ராஜா மறந்துபோன பெண்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ, மாப்பிள்ளை, குட்டிப்பயல் எல்லாரும் சௌக்கியமா? போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே "சரி, வைக்கட்டுமா" என்று நான் வைத்துவிடுகிறேன். இது இரண்டு நிமிஷத்தில் சொல்லுகிற விஷயம் இல்லை. அதனால் நோட்டில் எழுதிப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன், எழுத்து புரியாவிட்டால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்.

உன் அறை அலமாரியில் மேல் தட்டில் மூன்று தடிப் புத்தகம் இருந்ததே, பிளஸ் டூ லீவில் சோறு தண்ணி இல்லாமல் படித்தாயே, லார்ட் ஆஃப் த ரிங்ஸ், அதைப் படித்து முடித்துவிட்டேன். பக்கத்தில் டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு ஏழு மாதம். முதல் பாகம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, நடக்கிறார்கள், நடக்கிறார்கள், நடந்துகொண்டே இருக்கிறார்கள். இரண்டாம் பாகத்தில் குதிரைக்காரர்களின் நாடு ஒன்று வருகிறது பார், ரோஹான், அங்கே தியோடென் என்று ஒரு கிழவர் ராஜாவாக இருக்கிறார். அவரிடம் வந்ததும் நான் நின்றுவிட்டேன். நீ அந்த நாளில் எப்போதும் அரகோர்னைப் பற்றித்தான் பேசுவாய். இந்தக் கிழவரைப் பற்றி நீ சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. சொல்லியிருக்கலாம், நான்தான் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

அவர் பிறந்ததே வேற்று நாட்டில். அவருடைய அப்பா தெங்கலுக்கும் தாத்தாவுக்கும் ஆகாது, அதனால் தெங்கல் கோண்டோர் நாட்டுக்குப் போய் அங்கேயே வேலை பார்த்து அங்கேயே பெண்ணும் எடுத்துக்கொண்டார். தியோடென் பிறந்தது அவர்கள் கணக்கில் மூன்றாம் யுகம் 2948-இல். தாத்தா செத்த பிறகு 2953-இல் குடும்பம் ஊர் திரும்பும்போது பையனுக்கு ஐந்து வயது. வீட்டில் கோண்டோர் பாஷைதான் பேசினார்களாம், ஊரில் எல்லாருக்கும் அது பிடிக்கவில்லையாம். குட்டிப்பயல் வீடியோவில் என்னிடம் இங்கிலீஷில் பேசினபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேனே, அதை நினைத்துக்கொண்டேன். அந்த ஐந்து வயதுப் பையன்தான் பின்னால் அந்த நாட்டுக்கே பதினேழாவது ராஜா.

2980-இல் பட்டத்துக்கு வந்தார். மனைவி எல்ஃபில்ட் பிரசவத்தில் இறந்துபோனாள். ஒரே பையன், தியோட்ரெட். இவர் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 3002-இல் தங்கை வீட்டுக்காரரை ஓர்க்குகள் என்கிற அரக்கர்கள் கொன்றுவிட, கொஞ்ச நாளில் தங்கையும் சீக்கில் போய்விட்டாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளையும், எயோமெர் என்ற பையனையும் எயோவின் என்ற பெண்ணையும், இவர் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து மகன், மகள் என்றே சொல்லி வளர்த்தார். அந்தப் பெண்ணுக்கு அப்போது ஏழு வயது.

இதுவரைக்கும் நல்ல மனுஷன். அப்புறம் 3014 வாக்கில், அறுபத்தாறு வயதில், உடம்பு தளர ஆரம்பிக்கிறது. எனக்கு இப்போது அதே வயது, உனக்குத் தெரியும்.

அந்த அரண்மனை வருகிற இடத்தைப் படித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. தங்கக் கூரை போட்ட மண்டபம், உள்ளே ஒரே இருட்டு. கோடியில் நாற்காலியில் குறுகிப்போய், கைத்தடியைப் பிடித்துக்கொண்டு ராஜா. காலடியில் படியில் உட்கார்ந்திருக்கிறான் க்ரீமா என்ற ஆலோசகன். அவன் விஷம் எதுவும் கொடுத்ததாகக் கதையில் நேராக வரவில்லை, அவன் செய்கிற வேலை பேச்சு. உங்களுக்கு வயதாகிவிட்டது, வெயிலில் போகாதீர்கள், இந்தப் பையனை நம்பாதீர்கள், வருகிறவன் எல்லாம் கெட்ட சேதிதான் கொண்டுவருவான். எல்லாம் அக்கறையாகத்தான் சொல்வான். எதிரி சாருமானிடம் கூலி வாங்குகிறவன் அவன் என்பது ராஜாவுக்குத் தெரியாது. ராஜாவின் வாளையே தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறான். ராஜாவின் சொந்த மகன் ஆற்றுத்துறையில் சண்டையில் செத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஓர்க்குகளைத் துரத்திக் கொன்றுவிட்டு வந்த எயோமெரைக் கட்டளையை மீறினான் என்று சிறையில் போட்டு வைத்திருக்கிறார்.

பாப்பா, நம் வீட்டுக்குச் சாயங்காலம் ஆனால் ஒருவர் வருவாரே, பெயர் வேண்டாம், உனக்குத் தெரியும். அம்மா போன பிறகு அவர் வராத நாள் இல்லை. காபி குடித்துக்கொண்டே, "தாய் செத்த ஈரம் காயலை, பிளேன் ஏறிட்டா பாருங்க" என்பார். "பணம் அனுப்புறா சரி, நாளைக்கு வீட்டுல பங்கு கேட்கத்தான் இதெல்லாம்" என்பார். நான் ஆமாம் என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. முதல் வருஷம் காதில் விழுந்தது, இரண்டாவது வருஷம் மனதில் விழுந்தது, மூன்றாவது வருஷம் அது என் சொந்த நினைப்பு மாதிரியே ஆகிவிட்டது. நீ போன் செய்யும்போதெல்லாம் என்ன கேட்கப் போகிறாளோ என்றுதான் எடுத்தேன். நீ ஒரு நாளும் எதுவும் கேட்டதில்லை. சாப்பிட்டீங்களா அப்பா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான்.

மார்ச் 2-ஆம் தேதி மந்திரவாதி கண்டால்ஃப் வந்து அந்த க்ரீமாவின் வாயை அடைத்து, ராஜாவை எழுந்து வெளியே வந்து வெளிச்சத்தில் நிற்கச் சொல்கிறார். மந்திரத்தைவிட எனக்கு அந்த நடைதான் பெரிதாகப் பட்டது. கிழவர் மெதுவாக எழுகிறார், தடுமாறுகிறார், நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த எயோவின் ஓடிவந்து கையைப் பிடித்துப் படி இறக்கி வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறாள். வாசலில் காற்று, புல்வெளி, மழை விலகுகிற வானம். கைத்தடி கீழே விழுகிறது. எயோமெர் வந்து மண்டியிட்டுத் தன் வாளின் பிடியை நீட்டுகிறான், அதில் கை பட்டதும் கிழவருக்குப் பழைய பலம் வந்துவிடுகிறது. க்ரீமாவை அவர் கொல்லவில்லை. என்னோடு சண்டைக்கு வா, இல்லையென்றால் போ என்கிறார். அவன் துப்பிவிட்டு ஓடுகிறான், அவனுக்கு ஒரு குதிரையும் கொடுக்கச் சொல்கிறார். எனக்கு அந்த மனசு பிடித்தது. நம் வீட்டுக்கு வருகிறவரையும் நான் திட்டி அனுப்பவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு நடக்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன், நடந்தும் வருகிறேன், பெருமாள் கோயில் தெப்பக்குளத்தை இரண்டு சுற்று.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

படை கிளம்புகிறது. ஊரை யாரிடம் விட்டுப் போவது என்று ராஜா கேட்கிறார். ஒருவரும் பேசவில்லை. வாசல் காவலன் ஹாமா மட்டும், மக்கள் உங்கள் குடும்பத்தைத்தான் நம்புகிறார்கள் என்கிறான். எயோமெரை விட்டுப் போக முடியாது, அவன் அந்தக் குடும்பத்தில் கடைசி ஆள் என்கிறார் ராஜா. நான் எயோமெரைச் சொல்லவில்லை, அவர் கடைசியும் இல்லை, அவருக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்கிறான் ஹாமா. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்ட பெண், கொஞ்ச நேரம் முன்னால் கையைப் பிடித்து நடக்க வைத்த பெண், அவள் இருக்கிறாள் என்று ஒரு காவல்காரன் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

போன தை மாதம் நான் வங்கிக்கு நாமினி மாற்றப் போனேன். அம்மா பெயர் இருந்த இடத்தில் தம்பி பெயரை எழுதினேன். கவுன்டரில் இருந்த பெண், சின்ன வயசுதான், "வேற பிள்ளைங்க இல்லையா சார்?" என்று கேட்டாள். நான், "இல்லைம்மா, ஒரே பையன்" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை பாப்பா, வாயில் அப்படித்தான் வந்தது. அம்மா படுத்திருந்த பதினான்கு மாதம் வேலையை விட்டுவிட்டு வந்து பேட்பான் எடுத்தது நீ, ராத்திரி மூன்று மணிக்குக் கஞ்சி காய்ச்சினது நீ. ஹாமா பேசுகிற பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தவன் இரண்டு நாள் திறக்கவே இல்லை.

ஹெல்ம்ஸ் டீப் சண்டை, கோட்டை, மதில் உடைகிறது, அதெல்லாம் நீ படித்ததுதான். ஹாமா அங்கேதான் வாசலைக் காத்துச் செத்துப்போகிறான். சாருமான் தேன் மாதிரிப் பேசி சமாதானத்துக்குக் கூப்பிடுகிற இடத்தில் தன் ஆட்களே மயங்கி நிற்கிறபோதும் கிழவர் மறுத்துவிடுகிறார். அந்தக் குரலுக்கு ஐந்து வருஷம் அடிமையாக இருந்தவர் இல்லையா, அவருக்குத் தெரியாதா.

பிறகு கோண்டோரில் இருந்து உதவி கேட்டு சிவப்பு அம்பு வருகிறது. ஆறாயிரம் குதிரையோடு கிளம்புகிறார். எயோவினை மறுபடியும் விட்டுவிட்டுத்தான் போகிறார். அவள் ஆண் வேஷம் போட்டு டெர்ன்ஹெல்ம் என்று பெயர் வைத்துக்கொண்டு படையோடு வருகிறாள், அவருக்குத் தெரியாது. மார்ச் 15, விடியற்காலை. கோண்டோர் நகரம் எரிகிறது. கிழவர் குதிரைமேல் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் திரும்பிவிடுவாரோ என்றிருக்கிறது. திடீரென்று நிமிர்கிறார். கொடி பிடிக்கிறவன் கையில் இருந்த கொம்பைப் பிடுங்கி ஊதுகிறார் பார், கொம்பே வெடித்துப்போகிறது. எல்லாருக்கும் முன்னால் தனியாகப் பாய்கிறார், எழுபத்தோரு வயதில். அந்த இடத்தை நான் சத்தம் போட்டுப் படித்தேன், தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முப்பத்தொன்பது வருஷ ஆட்சியில் அவரைப் பாட்டில் வைத்துப் பாட வைத்தது இந்தப் பதின்மூன்று நாள்தான்.

அப்புறம் பறக்கிற அந்தப் பிசாசு இறங்குகிறது. அவர் ஆசையாக வளர்த்த வெள்ளைக் குதிரையே மிரண்டு, அம்பு தைத்து, அவர்மேலேயே விழுகிறது. கூட வந்தவர்கள் செத்தார்கள், மீதிப் பேரைக் குதிரைகள் மிரண்டு இழுத்துக்கொண்டு ஓடிவிட்டன. பக்கத்தில் நின்றது ஒரே ஆள். அவள்தான். பிசாசை வெட்டிச் சாய்த்துவிட்டு அவளும் விழுந்துவிட்டாள்.

ராஜாவுக்குக் கடைசியாகக் கொஞ்சம் நினைவு திரும்புகிறது. படையோடு வந்த மெர்ரிதான், ஹாபிட் என்கிற குள்ள இனத்தவன், கண்ணில் படுகிறான். அவனிடம் பேசுகிறார், எயோமெரைப் பார்க்க வேண்டும் என்கிறார், எயோவினுக்குச் சேதி அனுப்ப வேண்டும் என்கிறார். என்னைப் போக விடாமல் தடுத்தாளே, மகளைவிட மேலானவள், இனி அவளைப் பார்க்க மாட்டேன் என்கிறார். அவள் நாலு எட்டு தள்ளிக் கிடக்கிறாள் பாப்பா. தலையைத் திருப்பினால் தெரிகிற தூரம். தெரியாமலே போய்விட்டார்.

ஆகஸ்ட் 10-ஆம் தேதி சொந்த ஊரில் அடக்கம் செய்தார்கள். மண்மேடு எழுப்பி, வெள்ளைப் பூ வருஷம் முழுக்கப் பூக்கிற புல் போர்த்தினார்கள். எயோமெர் ராஜாவானான், அவள் பிழைத்துக்கொண்டாள், அதெல்லாம் நல்லபடியாகத்தான் முடிகிறது. எனக்கு மட்டும் அந்த நாலு எட்டு மனசை விட்டுப் போகவே இல்லை.

அவள் ஏன் சாகத் துணிந்து போனாள் என்று பின்னால் கண்டால்ஃப் அவள் அண்ணனிடம் சொல்கிற இடம் ஒன்று உண்டு. கிழவர் ஊன்றியிருந்த கைத்தடிக்கு இருந்த மதிப்புகூடத் தனக்கு இல்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது என்கிற மாதிரி. அந்த வரியில் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறாய். அழுத்திப் போட்ட கோடு, பின்பக்கம் தடவினால் தெரிகிறது. அப்போது உனக்குப் பதினேழு வயது. அம்மாவுக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது, நீ வெளிநாடு போகிற பேச்சே இல்லை. அதற்கு முன்னாலேயே நான் உன்னை அப்படி வைத்திருந்தேனா? இதற்கு நீ உடனே பதில் சொல்ல வேண்டாம். சொல்லத் தோன்றும்போது சொல்லு, நான் போனை வைக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை வங்கிக்குப் போய்விட்டு வந்தேன். ஃபாரத்தில் உன் பெயரையும் எழுதிக் கொடுத்தாயிற்று, அதே பெண்தான் கவுன்டரில் இருந்தாள். அம்மாவின் இரண்டு வளையலும் செயினும் உனக்கு என்று தனியாக மடித்து வைத்திருக்கிறேன், தம்பியிடமும் சொல்லிவிட்டேன், அவனுக்குச் சந்தோஷம்தான். மூன்றாம் பாகத்தின் அட்டை பிய்ந்திருந்தது, பசை போட்டு ஒட்டிக் காலண்டர் தாளில் உறை போட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நம் நேரம் சாயங்காலம் ஏழு மணிக்கு நானே கூப்பிடுகிறேன், அங்கே காலை நேரம்தானே. குட்டிப்பயலையும் பக்கத்தில் உட்கார வை. இங்கிலீஷிலேயே பேசட்டும். அந்தக் குதிரைக்காரர்கள் கதையை அவனுக்கு நான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா