ஆனைமலைத் தோப்புச் சாளையில் நின்ற கார்

பொள்ளாச்சி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்து, மீண்டும் செய்தித்தாள் வாசிக்கத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து நிம்மதியடைந்தேன். இங்கே தென்மேற்குச் சாரல் தொடங்கிவிட்டது; வீட்டில் அனைவரும் நலம். குடும்பச் செய்திகளை நேரில் பேசிக்கொள்வோம். இந்தக் கடிதம் முழுவதும் ஒரு காரைப் பற்றியது. உன் கண்ணால் மட்டுமே தீர்க்கக்கூடிய ஒரு கேள்வியும் அதில் இருக்கிறது.

ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புச் சாளையில், மட்டைக் குவியலுக்குப் பின்னால், தார்ப்பாய் போர்த்தியபடி நெடுங்காலமாக ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. அதை வாங்கிய பெரியவர் காலமாகிவிட்டார். ஆர்.சி. புத்தகத்தைச் செல் அரித்துவிட்டது. வண்டியின் எந்த இடத்திலும் பெயரோ சின்னமோ இல்லை. அவருடைய பேரன் என்னை அழைத்துப் போய்க் காட்டியபோது, தோப்பில் வேலை செய்தவர்கள் எல்லோரும் “பெராரிதானுங்க” என்று உறுதியாகச் சொன்னார்கள். கதவிலிருந்து பின்சக்கரம் வரை கிடையாக ஓடும் பட்டைகளைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆனால் 1984இல் வந்த பெராரி டெஸ்டரோசாவில் அந்தப் பட்டைகளுக்கு ஒரு வேலை இருந்தது. அதன் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் இருப்பதால் ரேடியேட்டர்களையும் பின்சக்கரங்களுக்கு முன்னால் இரு பக்கமும் வைத்தார்கள். காற்று நுழையும் அந்த அகன்ற வாயை மறைப்பதற்கே பட்டைகள். இந்த வண்டியிலோ பட்டைகளுக்குப் பின்னால் துளையே இல்லை. நீண்ட பானட்டைத் திறந்தால் முன்பக்கமே எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது.

மாற்றிக் கட்டிய வண்டியை அடையாளம் காண, மாற்றுவதற்குச் செலவும் சிரமமும் அதிகமான பாகங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். விளக்கையும் பம்பரையும் யாரும் மாற்றிவிடலாம். கண்ணாடியின் வளைவு, கதவின் கீல், இரு அச்சுகளுக்கு இடையிலான தூரம் ஆகியவற்றில் எளிதாகக் கை வைக்க மாட்டார்கள். டேப் பிடித்து அளந்தேன், இரண்டரை மீட்டர். சட்டைப் பையில் கொண்டு போயிருந்த காந்தம் கூரையில் ஒட்டியது, பானட்டிலும் கதவுகளிலும் ஒட்டவில்லை, அவை அலுமினியம். பின்சக்கரத்தின் மேல் புடைத்து நிற்கும் பகுதியிலும் ஒட்டவில்லை, ஆனால் அங்கே தட்டினால் மந்தமான ஓசை வந்தது, அது ஃபைபர். குனிந்து அடியில் பார்த்தபோது, எஞ்சினை ஒட்டி கியர்பாக்ஸ் இல்லை. ஒரு தடித்த குழாய் பின்னோக்கி ஓடி, பின் அச்சோடு சேர்ந்த கியர்பாக்ஸில் முடிந்தது. இதற்குள் எனக்கு ஓரளவு புரிந்துவிட்டது. உள்ளே ஏறி, ஸ்டியரிங்கின் உயரத்தை மாற்றும் பிடியைத் தளர்த்தி மெல்ல இறக்கினேன். மீட்டர்கள் அடங்கிய பெட்டி முழுவதும் ஸ்டியரிங்கோடு சேர்ந்து கீழே இறங்கியது. அந்தக் கணத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை நீ அறிவாய். மீட்டர் பெட்டியும் ஸ்டியரிங்கும் சேர்ந்தே இறங்கும் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார், போர்ஷே 928!

1977இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாகி, அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதைப் பெற்ற வண்டி அது. எந்த ஆண்டு மாடல் என்பதுதான் அடுத்த சிக்கல். 1987 மாடலாக எஸ்4 என்ற திருத்திய வடிவம் வந்தபோது மூக்கும் வாலும் மாறின. அறிந்தவர்கள் அவற்றைப் பார்த்தே காலத்தைச் சொல்லிவிடுவார்கள். இந்த வண்டியில் இரண்டுமே பழைய உருவத்தில் இல்லை. மேல்நோக்கிப் படுத்திருந்து எழும் உருண்டை விளக்குகளுக்குப் பதிலாக நிலையான விளக்குகள். பின்னால் நம்மூர்க் காண்டெசா காரின் விளக்குகள். ஆகவே உடலில் பொறித்த சேஸிஸ் எண்ணைத் துரு துடைத்துப் படித்தோம். மொத்தம் பதினேழு எழுத்தும் எண்ணும். டபிள்யூ, பி, சுழியம் என்று தொடங்கின. அந்தக் காலத்துப் போர்ஷே எண்ணில் மாடலின் பெயர் பிரிந்து கிடக்கும்: ஏழாவது, எட்டாவது இடங்களில் 9, 2, பன்னிரண்டாவது இடத்தில் 8. பத்தாவது இடம் ஆண்டைக் குறிக்கும். அங்கே ‘ஜி’ இருந்தது. ஆகவே 1986 மாடல். செல் விட்டுவைத்த ஆர்.சி. துண்டிலிருந்த கடைசி நான்கு எண்களும் ஒத்துப்போயின.

இதோடு முடிந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். வண்டியில் ஒட்டியிருப்பதையெல்லாம் உரித்துவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்துக்கே திருப்பப் போகிறேன் என்கிறான் பேரன். பதிவில் உள்ளபடி இல்லாமல் வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடையாக இருப்பது அவனுக்கு ஒரு காரணம். அசலுக்கே விலை அதிகம் என்பது இன்னொன்று. இரண்டும் நியாயமே. ஆயினும் அந்த வேலையை உள்ளிருந்து பார்த்த எனக்கு மனம் வரவில்லை. எண்பதுகளில் மேற்கு ஜெர்மனியில் கெம்பாலா, ஸ்ட்ரோசெக் போன்ற பட்டறைகள் போர்ஷேக்களை இப்படி மாற்றின என்பதால், முதலில் அங்கிருந்தே வந்த உடலோ என்று எண்ணினேன். புடைப்பின் உட்புறத்தைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது: பென்சிலில் தமிழில் ‘இடது’, ‘வலது’ என்று எழுதியிருக்கிறது. ஃபைபர் அடுக்குகள் ஓரம் வரை சீராக இருக்கின்றன. அதைவிட முக்கியமாக, இதை மாற்றிக் கட்டிய மனிதர் அசல் தகட்டை எங்கும் வெட்டவில்லை. எழும் விளக்குகளின் மோட்டாரைக்கூடக் கழற்றாமல், வயரை மடித்துத் துணி சுற்றிக் கட்டி வைத்திருக்கிறார். பின்னாளில் ஒருவர் திரும்பப் பெற விரும்பினால் பெறட்டும் என்று நினைத்தே செய்திருக்க வேண்டும். பந்தய வீரர் கரிவரதன் மாருதி எஞ்சினில் பந்தயக் கார் கட்டிய கோயம்புத்தூரில் இப்படியொரு கை இருந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கை யாருடையது என்று தெரியாமலேயே போய்விடக் கூடாது.

இனி உன் வேலை. புதிய விளக்குகளைத் தாங்கும் இரண்டு பிராக்கெட்டுகளும் மணலில் வார்த்த அலுமினியம். முதுகில் புடைத்து நிற்கும் எண்களில் ஏழுக்கு நடுவே ஒரு குறுக்குக் கோடு இருக்கிறது. மூலைகளில் உளி போன வளைவு ஒரே மாதிரி இருக்கிறது. அச்சு எழுத்தை ஒட்டாமல், மணலில் அச்சுப் பதிக்கும் மர மாதிரியான பேட்டர்னிலேயே கையால் செதுக்கியவை அவை. கோயம்புத்தூரின் கணபதியிலும் பீளமேட்டிலும் பேட்டர்ன் கடைகளில் உன் வாழ்நாளைக் கழித்தவன் நீ. ஏழு என்ற எண்ணை இப்படி எழுதியவர் யார் என்று உனக்கு நினைவு வரலாம். படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்குத் தோன்றாவிட்டால், உன்னோடு வேலை செய்த பெரியவர்களிடமும் காட்டு.

உன் பதில் வரும்வரை எதையும் உரிக்கமாட்டேன் என்று பேரன் வாக்குக் கொடுத்திருக்கிறான். டைமிங் பெல்ட்டை மாற்றாமல் எஞ்சினைச் சுழற்றக் கூடாது, பழைய பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். மருத்துவர் பயணத்துக்கு அனுமதித்ததும் புறப்பட்டு வா. பிராக்கெட்டைக் கழற்றி உன் கையிலேயே தரச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்