மன்றாட்டில் 'நம்மவர்' என்போர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

இறந்த விசுவாசிகளுக்காக நாங்கள் சிறப்பாகச் செபிக்கும் நவம்பர் மாதத்தில், சென்ற ஆண்டு, திருகோணமலையிலுள்ள எமது பங்கு ஆலயத்தில் போரில் உயிரிழந்த தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் அனைவருக்காகவும் என ஒரு மன்றாட்டு வாசிக்கப்பட்டது. பூசை முடிந்ததும் அதை எழுதிய இளம்பெண்ணைச் சிலர் சூழ்ந்துகொண்டு, "நம்மவர்களுக்காக அழுதே இன்னும் தீரவில்லை, அதற்குள் மற்றவர்களுக்காகவுமா?" என்று கேட்டனர். அருகில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

கேட்டவர்களின் துயரம் பொய்யன்று. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை ஏந்தியபடி இன்னும் வீதியில் அமரும் தாய்மார் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள். தன் இனத்தின் நீதிக்காகக் குரல் கொடுப்பதோ, ஒரு கட்சியில் சேர்ந்து உழைப்பதோ கிறிஸ்தவருக்கு விலக்கப்பட்டதன்று என்பதே என் உறுதியான கருத்து. உலகப் பற்றுகள் யாவற்றையும் உதறுவதே பக்தி என்று போதிப்போருடன் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் எந்தப் பற்றும், யாருக்காகச் செபிக்கலாம், யாருக்காகச் செபிக்கக்கூடாது என்று பீடத்தின் முன் வந்து கட்டளையிடும்போது, அது கடவுளுக்குரிய இடத்தைக் கேட்கிறது.

இயேசு தெரிந்துகொண்ட பன்னிருவரில் வரி தண்டிய மத்தேயு இருந்தார். நமது தமிழ்த் திருவிவிலியம் 'தீவிரவாதி' என்றே குறிப்பிடும் சீமோனும் இருந்தார். ஆட்சியாளருக்காகச் சொந்த மக்களிடம் பணம் வாங்கியவர் என ஊரார் வெறுத்த ஒருவரும், உரோமை ஆட்சியை அகற்றத் துடித்தவராகப் பொதுவாகக் கருதப்படும் மற்றவரும் ஒரே பந்தியில் அமர்ந்து ஒரே அப்பத்தைப் பகிர்ந்தார்கள். இதன் கனத்தை உணர நம் ஊருக்கு வெளியே போகத் தேவையில்லை. ஒருவரைத் 'துரோகி' என்றும் இன்னொருவரைப் 'பயங்கரவாதி' என்றும் பெயரிட்டு, அந்தப் பெயர்களுக்காகவே உயிர்கள் பறிக்கப்பட்ட மண் இது. அப்படிப்பட்ட இருவரைத்தான் இயேசு தம் பந்தியில் ஒன்றாக அமர்த்தினார்.

1994இல் ருவண்டாவில் நடந்த இனப்படுகொலையையும் மறக்கலாகாது. பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்களாயிருந்த அந்நாட்டில், அடைக்கலம் தேடி ஆலயங்களுக்குள் ஓடியவர்கள் அங்கேயே கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களிலும் திருமுழுக்குப் பெற்றோர் இருந்தனர்.

கிழக்கிலங்கையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அமெரிக்கரான இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட், 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், தம்முடன் வந்த தமிழ் இளைஞரோடு காணாமற்போனார். பிறப்பாலும் மொழியாலும் அவர் வேறு. ஆயினும் அவரை 'நம்மவர்' என்று சொல்ல இங்கு எவரும் தயங்குவதில்லை. அவருக்காக அகலத் திறந்த அந்தச் சொல், முஸ்லிம்கள் பெரிதும் வாழும் மூதூரிலும் சிங்களவர் பெரிதும் வாழும் கந்தளாயிலும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஏன் மூடிக்கொள்ள வேண்டும்?

இவ்வாண்டும் அந்த மன்றாட்டு இடம்பெற வேண்டுமெனப் பங்குத்தந்தையிடம் கேட்டிருக்கிறேன். அதை அந்த இளம்பெண்ணே எழுதி வாசிக்கட்டும். பூசை முடிந்து அவர் வெளியே வரும்போது நான் அவர் அருகில் நிற்பேன், இம்முறை பேசுவேன்.

இப்படிக்கு,
பங்கு மக்களில் ஒருவர்,
திருகோணமலை.