தட்டைக் கோட்டை நம்புமுன்

அன்புள்ள நண்பா,

ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் படிகத்தின் விடுதிறனை (மின்புலத்துக்கு அது எவ்வளவு இணங்குகிறது என்ற அளவை) வெப்பநிலைக்கு எதிராக வரைந்து நீ அனுப்பிய வரைபடம் கிடைத்தது. 4 கெல்வின் பக்கத்தில் கோடு தட்டையாவதைப் பார்த்து, ஓரத்தில் ‘குவாண்டம்!’ என்று எழுதியிருக்கிறாய். பொறு. முதலில் மின்முனையை, அதாவது படிகத்தின் இரு முகத்திலும் நீ பூசிய வெள்ளிப் பசையை, சந்தேகப்படு.

ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் குளிரக் குளிர ஃபெர்ரோஎலக்ட்ரிக் (வெளி மின்புலம் இல்லாமலே மின்முனைவு கொண்டது) ஆகப் பார்க்கும். உயர் வெப்பநிலையில் விடுதிறன் ஏறும் விதத்தைச் சொல்லும் கியூரி–வைஸ் கோட்டை நீட்டினால் 35 கெல்வின் வாக்கில் மாறியிருக்க வேண்டும், ஆனால் மாறுவதில்லை. டைட்டானியம் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கப் பார்த்தால், பூஜ்யப்புள்ளி அதிர்வு (எவ்வளவு குளிர்ந்தாலும் அணுவில் மிஞ்சும் குவாண்டம் அதிர்வு) நிற்க விடாது. 1979இல் முல்லரும் புர்கார்டும் இதைத்தான் குவாண்டம் பாராஎலக்ட்ரிக் என்றார்கள். ஒப்புமை விடுதிறன் (வெற்றிடத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) அறை வெப்பநிலையில் 300; 4 கெல்வினில் 20,000ஐத் தாண்டும். வம்பே அங்கேதான்.

உன் தகடு 5×5 மி.மீ., தடிமன் 0.5 மி.மீ. அறை வெப்பநிலையில் அதன் மின்தேக்குதிறன் 133 பிகோஃபாரட். 4 கெல்வினில் சுமார் 9 நானோஃபாரட் வர வேண்டும். உனக்கு வந்தது நாலரை. வெள்ளிப் பசைக்கும் படிகத்துக்கும் நடுவே மொத்தம் 25 நானோமீட்டர் காற்று இருந்தாலே இப்படி ஆகும். 25 நானோமீட்டரை 20,000ஆல் பெருக்கிப் பார்: 0.5 மி.மீ. இன்னொரு தகட்டைத் தொடரில் வைத்த மாதிரி. அறை வெப்பநிலையில் அதே இடைவெளி வெறும் 7.5 மைக்ரோமீட்டருக்குச் சமம். ஒன்றரை சதவீதப் பிழை யார் கண்ணிலும் படாது.

பசையைக் கரைத்து எடுத்துவிட்டு, மெல்லிய குரோமியப் படலம் போட்டு அதன்மேல் 100 நானோமீட்டர் தங்கம் ஆவியாக்கிப் படியவிடு. 1 மி.மீ. தகடு ஒன்றும் அதே மாதிரி செய். மின்தேக்குதிறனின் தலைகீழைத் தடிமனுக்கு எதிராக வரைந்து பூஜ்யத் தடிமனுக்கு நீட்டு. மிஞ்சுவது மின்முனையின் பங்கு. அளவிடும் மின்னழுத்தம் 100 மில்லிவோல்ட் போதும், கூட்டினால் தாழ் வெப்பநிலையில் விடுதிறன் தானே இறங்கும். 105 கெல்வினில் படிகத்தின் கனசதுர அமைப்பு நாற்கோணமாகி, வெவ்வேறு திசை பார்க்கும் இரட்டைக் களங்களாகப் பிரியும். அதை மெதுவாகக் கட. ஒவ்வொரு முறையும் எண் கொஞ்சம் மாறினால் மிரளாதே, களங்களின் வேலை அது.

அதற்கப்புறம்தான் ஆக்சிஜன்-18: படிகத்தைச் சூடாக்கி, அதிலுள்ள சாதாரண ஆக்சிஜனுக்குப் பதில் இந்தக் கனமான ஐசோடோப்பை ஏற்றுவது. மின்னூட்டம் அதேதான், எடை மட்டும் கூடுகிறது. அதற்கே 23 கெல்வின் அருகே ஃபெர்ரோஎலக்ட்ரிக் ஆகிவிடுகிறது (மிட்சுரு இட்டோ குழுவினர், 1999). இதைவிட அழகான சான்று இந்தத் துறையில் இல்லை என்பேன். மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜனாவது மாறியிருக்க வேண்டும். தராசே சொல்லிவிடும்: முழுதும் மாறினால் எடை 3.3 சதவீதம் கூடும், மூன்றில் ஒன்றுக்கு 1.1. அப்படிச் சூடாக்கும்போது ஆக்சிஜன் வாயுவின் அழுத்தம் குறைந்தால் ஆக்சிஜன் வெளியேறி, படிகம் கறுத்து மின்சாரம் கடத்தத் தொடங்கும். அப்புறம் அளக்க ஒன்றும் இருக்காது.

இரண்டு தடிமனுக்கும் வந்த எண்களை அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்